எட்டுக் கூறு, எட்டுக் கீல்

பழைய கதவு வாங்க வருகிறவர்கள் முதலில் மரத்தைத் தட்டிப் பார்ப்பார்கள். நான் கீலைப் பார்ப்பேன். மரம் எங்கும் கிடைக்கும். பர்மாவிலிருந்து பினாங்குக்குக் கப்பல் கப்பலாக வந்து இறங்கிய தேக்கு இன்றைக்கும் எங்கள் ஊர்க் கிடங்குகளில் அடுக்கிக் கிடக்கிறது. ஒரே வார்ப்பில் செய்த பித்தளைக் கீல் ஒரு செட் முழுசாகக் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு. அதற்காகத்தான் எழுபதுகளின் நடுவில் ஒரு வருடம், பிறந்ததிலிருந்து பார்த்திராத திருவள்ளூர்ப் பக்கத்தில் ஒரு வாரம் பஸ்ஸிலும் படகிலும் அலைந்தேன்.

அந்த அவசரம் ஏன் என்று சொல்லிவிடுகிறேன். நானும் என் அண்ணனும் பினாங்கில் பதினைந்து வருடம் ஒரே கடையில் பழைய மரச்சாமான் வியாபாரம் பார்த்தோம். பிறகு பிரிந்தோம். காரணத்தை இப்போது கேட்டால் இரண்டு பேருக்குமே சரியாகச் சொல்ல வராது. சொந்தக்காரர்கள் நின்று பாகம் பிரித்தார்கள். பீரோ அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. மேஜை அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. ஈட்டி மரத்தில் செய்த எட்டு நாற்காலிகள் ஒரு செட்டாக இருந்தன. அவற்றையும் நாலு நாலாகப் பிரித்துக் கொடுத்தார்கள். எள்ளளவும் பிசகாத பாகம் என்று நானே மெச்சிக்கொண்டேன்.

கடைசி வண்டி புறப்படும்போது அண்ணன் சொன்னார்: “ஆறு மாசம். அதுக்குள்ள என் கடை வாசல்ல வந்து நிப்பே.” அது முள்ளாகத் தைத்துக்கொண்டு உள்ளேயே கிடந்தது.

நாலு மாதம் ஈ ஓட்டினேன். ஐந்தாவது மாதம் ஒரு சீன முதலாளி வந்தார். புதிதாகத் திறக்கும் சாப்பாட்டுக் கடைக்கு முன்வாசலில் நாலு மடிப்புக் கதவு வேண்டும், மடிப்புக்கு இரண்டாக எட்டுக் கீல் வேண்டும், எட்டும் பழைய பித்தளையாக, ஒரே வார்ப்பாக இருக்க வேண்டும் என்றார். “உன்னால் முடியாவிட்டால் சொல். உன் அண்ணனிடம் போகிறேன்” என்றும் சொன்னார். முடியும் என்று சொல்லிவிட்டேன். என் கையில் அப்போது ஒரு கீல்கூட இல்லை.

சென்னையில் இருந்த ஒரு நண்பருக்குக் கடிதம் போட்டேன். பதில் வந்தது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகளுக்காக நிலம் எடுக்கிறார்கள், அதில் ஒரு பழைய துரை பங்களா அகப்பட்டிருக்கிறது, இடிப்பதற்கு முன் சாமான்களையும் கதவுச் சாமான்களையும் ஏலம் விடுகிறார்கள். கூடத்துக் கதவில் வெற்றிலை வடிவத்தில் முழங்கை நீளத்துக்குப் பித்தளைக் கீல்கள் இருக்கின்றன, எண்ணிப் பார்த்தேன், எட்டு என்று எழுதியிருந்தார். இதற்கு மேல் என்ன வேண்டும்?

கும்மிடிப்பூண்டியில் நான் இறங்கிய அன்று ஊர் பாதி வயலாகவும் பாதி அளவுக்கல்லாகவும் இருந்தது. நாற்று நட்டிருந்த வயலுக்கு நடுவே சுண்ணாம்பு அடித்த கல் நின்றது. லாரி போனால் புழுதி, லாரி நின்றால் ஈ. டீக்கடையில் என்னுடைய கால்சட்டையையும் கண்ணாடியையும் பார்த்த ஒருவர், “இன்னா சார், எந்த பேக்டரி? எத்தினி பேர எடுப்பீங்க?” என்று கேட்டார். கதவுக் கீல் வாங்க வந்தேன் என்றேன். அவர் பக்கத்திலிருந்தவரிடம், “கீலு பேக்டரியாம்பா” என்று சொல்லிவிட்டார். சாயங்காலத்துக்குள் இரண்டு பேர் என்னிடம் வேலை கேட்டு வந்தார்கள்.

மறுநாள் காலை ஏலம். கூரையில் பாதி ஓடு இறங்கிவிட்டிருந்த பங்களாவின் கூடத்தில் இடிப்புக் கான்ட்ராக்டரின் குமாஸ்தா ஒரு மேஜைமேல் ஏறி நின்றார். கை வைத்த சாய்வு நாற்காலிகள், கண்ணாடி வைத்த அலமாரி, கால் உடைந்த எழுத்து மேஜை எல்லாம் ஒவ்வொன்றாகப் போயின. எங்கள் ஊரில் ஏலம் என்றால் காது கேட்காதவர்கள் கூட்டம் மாதிரி இருக்கும். ஒருவர் பேனாவைத் தூக்குவார், ஒருவர் மூக்கைச் சொறிவார். இங்கே “ஒரு தரம்” என்று குமாஸ்தா சொல்வதற்குள் பத்துப் பேர் ஒரே மூச்சில் கத்தினார்கள், கேட்க வராதவர்களும் சேர்ந்து கத்தினார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. நானும் ஒரு மருந்துப் பெட்டிக்குச் சும்மா கத்திப் பார்த்தேன்.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. கதவுச் சாமான்களைத் தனித்தனியாக விடப் போவதில்லை. கீல், தாழ்ப்பாள், குமிழ், கொக்கி, சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி ஒரே குவியலாகப் போட்டிருந்தார்கள். அதை எடை பார்த்துக்கொண்டு நின்றார் பட்டணத்துப் பழைய பித்தளை வியாபாரி ஒருவர். அவர் வாங்கினால் எல்லாம் நேரே உலைக்குப் போகும். அவரோடு தனியாக மோதினால் என்னால் தாக்குப்பிடிக்க முடியாது.

அப்போது என் தோளை ஒருவர் தட்டினார். கறுத்து ஒல்லியாக, உப்புக்காற்றில் சிவந்த கண்களோடு இருந்தார். கன்னியப்பன் என்று பெயர். பழவேற்காட்டு ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு குப்பத்தில் மீன் பிடிக்கிறவர். அந்தக் குவியலில் கிடந்த, தொங்கு விளக்கை ஏற்றி இறக்க வைத்திருந்த ஈயக் குண்டுகள் வலைக்கு ஆகும் என்று மூன்று கூட்டாளிகளோடு வந்திருந்தார்.

“அண்ணே, நீங்க தனியா கேட்டா அந்தாளு ஏத்தி உட்டுக்கினே போவான். நாங்க நாலு பேரு கீறோம். ஆரணி அரிசி மண்டிக்காரரு ரெண்டு பங்கு போடறாரு. பள்ளிப்பட்டுக்காரரு ஒருத்தர் கீறாரு. நீங்களும் ஒன்னு போடுங்க. எட்டுப் பங்கு. ஒரே ஆளா கேக்கலாம்” என்றார்.

“எனக்கு அந்தப் பெரிய கீல் மட்டும்தான் வேணும். வேற எதுவும் வேண்டாம்” என்றேன்.

“அத்த கூறு போடறப்ப பாத்துக்கலாம்ணே.”

இதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அவர் சொன்னதோ வெறும் விவரம்தான், சம்மதம் இல்லை. அது புரிய எனக்கு இன்னும் ஒரு மணி நேரம் ஆயிற்று.

எட்டுப் பங்கும் சேர்ந்து கேட்டதில் பித்தளை வியாபாரி திணறிப்போய் ஒதுங்கினார். மூன்று தரம் சொல்லி முடிந்ததும் கன்னியப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குவியலுக்கு முன்னால் குந்தினார். கரைக்கு வந்த மீனைக் கூறு போடுகிற மாதிரியே போட்டார். ஒவ்வொரு கூறுக்கும் ஒரு பெரியது, ஒரு நடுத்தரம், ஒரு பொடி. எட்டுக் கூறு. எட்டுக் கீல். கூறுக்கு ஒரு கீல்.

“ஐயா, என்ன செய்றீங்க!” என்று பதறிவிட்டேன். “ஒத்தைக் கீலை வச்சுக்கிட்டு யாரும் ஒண்ணும் செய்ய முடியாது. கதவு தொங்கத்தான் செய்யும்!”

“பெரிய மீனு எட்டு கீது, பங்கு எட்டு கீது. ஒருத்தனுக்கு எட்டும் குடுத்துட்டு மத்தவனுக்கு பொடி மீன குடுக்க முடியுமா?” என்றார் அவர் நிமிராமலே. மற்றவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். ஆரணிக்காரரும் ஆட்டினார்.

டீ விற்க வந்திருந்த ஒரு பெண்ணைக் கூறுகளுக்கு முதுகைக் காட்டி நிற்க வைத்தார்கள். கன்னியப்பன் ஒரு கூறில் கை வைத்து, “இது யாருக்கு?” என்று கேட்பார். அந்தப் பெண் பார்க்காமலே ஒரு பேரைச் சொல்லுவாள். “பினாங்குக்காரருக்கு” என்று அவள் சொன்னபோது எனக்கு வந்தது ஒரு கீல், ஒரு ஈயக் குண்டு, ஒரு கொக்கி, ஒரு சங்கிலி, ஒரு தாழ்ப்பாள், இரண்டு கனமான கதவுக் குமிழ். இதைவிட நியாயமாக யாராலும் பங்கு போட முடியாது. இதைவிட முட்டாள்தனமாகவும் முடியாது என்று எனக்கு அப்போது தோன்றியது.

அங்கேயே மாற்றிக்கொள்ளலாம் என்று என் கூறை நீட்டினேன். கன்னியப்பன் என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். “கூறு போட்ட எடத்துல மாத்துனா வெட்டுக்குத்துதான் வரும்ணே. அவனவன் கூறு அவனவன் ஊட்டுக்குப் போவணும். அப்பறம் ஊட்டாண்ட வாங்க. சோறு துண்ணுங்க. உங்க கூறுல ஒன்ன வெச்சிட்டு கேளுங்க. இல்லன்னு சொல்லமாட்டோம்.”

எல்லோரும் அவரவர் மூட்டையோடு புறப்பட்டுப் போனார்கள். மற்ற ஏழு கீலும் என் கண்ணெதிரே நாலு திசையாகப் போயின. கோபத்தில் காது சுட்டது. ஆனால் கை நிறையப் பொருளோடு ஊருக்குத் திரும்பத்தான் வந்தேன், திரும்புவேன் என்பதில் அப்போதும் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

மறுநாள் பழவேற்காடு. பஸ்ஸிலிருந்து இறங்கிப் படகு ஏறினேன். பினாங்குத் தீவிலிருந்து நாங்கள் எதிர்க்கரைக்குப் போவது இரும்புக் கப்பலில், காரோடு ஏறி, கண்ணாடிக்குள் உட்கார்ந்துகொண்டு. இங்கே ஒருவர் கழியால் ஊன்றித் தள்ளுகிறார், இரண்டு கூடை உப்பும் ஒரு ஆடும் நாங்களும் போகிறோம். பாதி ஏரியில் படகு சேற்றில் தட்டி நின்றது. ஆட்டைத் தவிர எல்லோரும் இறங்கினார்கள். நானும் கால்சட்டையைத் தொடைவரை சுருட்டிக்கொண்டு இறங்கித் தள்ளினேன். படகுக்காரர் என் வெள்ளைக் கால்களைப் பார்த்து, “பரவால்லியே, பலம் கீது” என்றார். நான் அன்று கேட்ட ஒரே பாராட்டு அது.

கன்னியப்பன் வீட்டில் மடவை மீன் குழம்பு. அவர் மனைவி தேசம்மா பரிமாறினாள். எங்கள் ஊர் மீன் குழம்பில் தேங்காய்ப்பால் போட்டு மிளகாயின் கோபத்தைத் தணித்துவிடுவார்கள். தேசம்மாவின் குழம்புக்கு அந்த இரக்கம் கிடையாது. மூக்கு ஒழுக ஒழுகச் சாப்பிட்டேன், இரண்டாவது தரமும் வாங்கிக்கொண்டேன். ஈயக் குண்டை வைத்தேன். கன்னியப்பன் உள்ளே போய் கீலைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். ஒரு வார்த்தை பேரம் கிடையாது.

உற்சாகம் தாங்காமல், கூறு போட்ட விதத்தைப் பற்றி நான் கொஞ்சம் கிண்டலாகப் பேசிவிட்டேன். செட்டைப் பிரித்தால் செட்டு செத்துப்போகும் என்பது வியாபாரத்தில் அரிச்சுவடி என்றேன்.

“நீங்க அண்ணன் தம்பி பிரிஞ்சீங்களே, எப்டி பிரிச்சீங்க?” என்று தேசம்மா கேட்டாள். அண்ணன் கதையை அதற்குள் நான் உளறியிருந்தேன். பீரோவைச் சொன்னேன், மேஜையைச் சொன்னேன். எட்டு நாற்காலியை நாலு நாலாகப் பிரித்ததையும் சொன்னேன்.

தேசம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். “ஊட்டுக்கு எட்டு விருந்தாளி வந்தா இன்னா பண்ணுவீங்க? நாலு பேர நீங்க குந்த வெச்சிக்கினு, மீதி நாலு பேர உங்கண்ணன் ஊட்டுக்கு அனுப்புவீங்களா? எங்கள சொல்ல வந்துட்டாரு பாரு!”

கன்னியப்பனும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கடை மூலையில் தூசி படிந்து கிடந்த நாலு நாற்காலியும் ஞாபகத்துக்கு வந்தன. நாலே நாலு எதற்கு என்று கேட்டுவிட்டு எத்தனை பேர் போயிருந்தார்கள்!

அதன் பிறகு மற்ற மூன்று கூட்டாளிகள் வீடு. வழக்கம் வழக்கம்தான், மூன்று வீட்டிலும் சாப்பிட்டால்தான் கேட்க முடியும். இரண்டாவது வீட்டில் எறாத் தொக்கு. மூன்றாவது வீட்டில் நண்டு, அதை உடைக்கத் தெரியாமல் நான் சட்டையெல்லாம் தெளித்துக்கொண்டதைப் பார்க்கத் தெருவே கூடியது. நாலாவது வீட்டில் கருவாட்டுக் குழம்பைத் தட்டில் ஊற்றும்போது எனக்குக் கண் பிதுங்கியது. கொக்கி, சங்கிலி, தாழ்ப்பாள் மூன்றும் போயின. என்னுடையதோடு சேர்த்து ஐந்து கீலும் சாக்குப் பையில் ஏறின. திரும்பும்போது படகு சேற்றில் தட்டவில்லை, தட்டியிருந்தாலும் அந்த வயிற்றோடு என்னால் இறங்கித் தள்ளியிருக்க முடியாது.

அடுத்த நாள் ஆரணி, பட்டுக்குப் பேர்போன ஆரணி இல்லை, கும்மிடிப்பூண்டிப் பக்கத்துச் சின்ன ஆரணி. பஸ் கண்டக்டர் சாக்குப் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “இது ஆளு மாறி கனக்குது சார், இதுக்கும் ஒரு டிக்கெட்டு” என்றார். டிக்கெட் எடுத்த பிறகு அதற்கு ஒரு சீட்டும் வேண்டும் என்று நான் அடம்பிடித்தேன். பை என் பக்கத்தில் ஜன்னலோரமாக உட்கார்ந்து வந்தது.

ஆரணிக்காரர் பெயர் வேதாசலம். நல்ல வியாபாரி, கடைத்தெருவில் அரிசி மண்டி. தனக்கு ஒன்று, மருமகனுக்கு ஒன்று என்று இரண்டு பங்கு போட்டிருந்தவர். இங்கேதான் நான் சறுக்கினேன். சாப்பிட்டுவிட்டுக் கேட்பதெல்லாம் கடலோரத்து வழக்கம், கடைத்தெருக்காரர்களுக்குள் அதெல்லாம் எதற்கு என்று நினைத்துவிட்டேன். நேரே மண்டிக்குப் போய், மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டு, பர்ஸை எடுத்துவிட்டேன்.

“ரெண்டு கீலுக்கும் என்ன விலை சொல்றீங்க?”

அவர் என் பர்ஸைப் பார்த்தார். முகம் அப்படியே மூடிக்கொண்டது. “விக்கறதுக்கில்ல. நாளைக்குக் காலைல பட்டறைக்குப் போவுது. எம்பொண்ணு கல்யாணத்துக்கு குத்துவெளக்கு வார்க்கறோம்” என்றார். அடுத்த நிமிடம் வேறொருவருக்கு அரிசியை அள்ளிக் காட்ட ஆரம்பித்துவிட்டார். விலையை இரட்டிப்பாக்கிப் பார்த்தேன். அவர் திரும்பவே இல்லை.

எதிரே டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். ஊர் விட்டு வந்ததிலிருந்து முதல் தடவையாகப் பயம் வந்தது. ஆறு கீல் கிடைத்து இரண்டு விளக்காகிவிட்டால் ஆறும் வெறும் பித்தளைதான். சீன முதலாளி அண்ணனிடம் போவார். அண்ணன் லேசாகத் தலையைச் சாய்த்துப் பார்ப்பார். அந்தப் பார்வையை நினைத்ததும் டீ கசந்தது.

ராத்திரி முழுக்க என்னையே திட்டிக்கொண்டேன். கன்னியப்பன் இவ்வளவு தெளிவாகச் சொல்லியும் எனக்கு ஏறவில்லையே! விடிந்ததும் முகம் கழுவிக்கொண்டு வேதாசலத்தின் வீட்டைக் கேட்டுக் கேட்டுப் போனேன். பட்டறைக்காரர் வருவதற்குள் போய்விட வேண்டுமே என்று கிட்டத்தட்ட ஓடினேன்.

வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த வேதாசலத்தின் மனைவி என்னைப் பார்த்ததும் உள்ளே குரல் கொடுத்தார். வேதாசலம் துண்டோடு வந்தார். நேற்றைய மனிதர் இல்லை, வாயெல்லாம் பல். “வாங்க வாங்க, நாஷ்டா ஆச்சா?” என்றார். ஆகவில்லை என்றேன். பொங்கலும் வடகறியும் வைத்தார்கள். பினாங்கில் காலையில் ரொட்டியும் சாம்பாரும் சாப்பிட்டு வளர்ந்தவன் நான். வடகறியை முதல் வாய் வைத்ததும், நாற்பது வருடத்தை வீணாக்கிவிட்டோமே என்று நினைத்தேன்.

கை கழுவிவிட்டு இரண்டு குமிழையும் அவர் முன்னால் வைத்தேன். “விளக்கு வார்க்க இந்தப் பித்தளை ஆகுமா பாருங்க. கீல் ரெண்டையும் எனக்குக் குடுங்க” என்றேன்.

அவர் குமிழைக் கையில் தூக்கிக் கனம் பார்த்துவிட்டு மனைவியிடம் கொடுத்தார். “நேத்து ஏன் அப்டி வந்து நின்னீங்க? கடையாண்ட வந்து கேட்டா நான் வியாபாரி. ஊட்டாண்ட வந்து கேட்டா பங்காளி. வியாபாரிக்கு பிடிக்கலன்னா இல்லன்னு சொல்லலாம். பங்காளி எப்டிங்க சொல்றது?” என்றார். கீல்கள் இரண்டும் நெல் குதிருக்குப் பக்கத்தில் துணியில் சுற்றித் தயாராக இருந்தன. நான் புறப்படும்போது பட்டறைக்காரர் சைக்கிளில் வந்து இறங்கினார்.

அன்றே திருவள்ளூர் போய்ப் படுத்து, மறுநாள் காலை பள்ளிப்பட்டுக்குப் பஸ் ஏறினேன். போகப் போகப் பேச்சில் தெலுங்கு கலந்தது. முன் சீட்டில் இரண்டு பெண்கள் என் சாக்குப் பையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துப் பேசிக்கொண்டு வந்தார்கள். பக்கத்திலிருந்தவர் எனக்குத் தமிழில் சொன்னார்.

“ஜன்னலோரத்துக்காரி பையில் என்ன என்று கேட்கிறாள். ஏழு கீல், எட்டாவதைத் தேடிப் போகிறார் என்று கண்டக்டர் சொன்னதை இவள் சொல்கிறாள். கதவு எங்கே என்று அவள் கேட்கிறாள். கடலுக்கு அந்தப் பக்கம் என்கிறாள் இவள். அப்படியானால் கதவைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தால் சுலபமாயிருக்குமே என்கிறாள் அவள்.”

நான் அவளைப் பார்த்துக் கும்பிட்டேன். பஸ் முழுக்கச் சிரித்தது.

எட்டாவது பங்காளி முனிரத்தினம், கரும்பும் வேர்க்கடலையும் போடுகிற விவசாயி. வீட்டில் கேழ்வரகுக் களி, வேர்க்கடலைக் குழம்பு, தொட்டால் கண் கலங்கும் மாங்காய் ஊறுகாய். களியை மெல்லக் கூடாது, அப்படியே விழுங்க வேண்டும் என்று அவர் பாடமே நடத்தினார். நான் மென்றேன். அவர் பரிதாபமாகப் பார்த்தார்.

சாப்பிட்டு முடிந்ததும் பைக்குள் கையை விட்டேன். ஒன்றும் இல்லை. என் கூறு தீர்ந்துபோயிருந்தது. “அண்ணே, வைக்க எங்கிட்ட எதுவும் மிச்சமில்ல” என்று உள்ளதைச் சொன்னேன்.

“டப்பு மட்டும் எடுக்காத நைனா” என்றார் அவர், பர்ஸ் பக்கம் போன என் கையைப் பார்த்து. “வா, கீல மொதல்ல பாரு.”

கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். பம்பு செட்டு அறைக் கதவில், மேலே என் வெற்றிலைக் கீல், கீழே துருப்பிடித்த இரும்புக் கீல். இரண்டும் ஜோடி சேராமல் கதவு ஒருக்களித்து, கீழ் மூலை மண்ணில் உரசிக்கொண்டு நின்றது. ஒற்றைக் கீலின் கதியை அதற்கு முன் நான் வாயால்தான் சொல்லியிருந்தேன், அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

“கழட்டிக்கோ. ஆனா கதவு நிக்கணும். உள்ள மோட்டாரு கீது. பக்கத்துக் கொல்லைக்காரன் கண்ணு அதும்மேலதான்” என்றார் முனிரத்தினம்.

கடைத்தெருவுக்குப் போய் நல்ல இரும்புக் கீல் ஒரு ஜோடி வாங்கி வந்தேன். அவருடைய உளியைத் தீட்டிக்கொண்டு வேலையில் இறங்கினேன். நிலையில் பள்ளம் வெட்டி, கதவைத் தூக்கி வைத்து, ஒவ்வொரு திருகாணியாக முடுக்கினேன். சாயங்காலம் ஒரு விரலால் தள்ளினேன். கதவு சத்தமில்லாமல் போய் நிலையில் பொருந்தியது. முனிரத்தினம் அதைத் திறந்தார், மூடினார், மறுபடியும் திறந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை, மறைக்கவும் இல்லை. வைக்க ஏதாவது வேண்டுமே என்று, பினாங்கிலிருந்து கொண்டுவந்திருந்த என் திருப்புளியை அவரிடம் கொடுத்தேன். எட்டாவது கீல் என் கைக்கு வந்தது.

மறுநாள் திருவள்ளூரில் ரயிலுக்கு நேரம் இருந்தது. பெருமாள் கோயில் குளத்தில் எல்லோரும் வெல்லக் கட்டியைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். வெல்லம் கரைகிற மாதிரி நோய் கரையும் என்று நம்பிக்கை. விற்றுக்கொண்டிருந்த பெண், “இன்னா நோவுக்கு?” என்று கேட்டாள்.

“நோவு ஒண்ணுமில்லம்மா. அண்ணன் மேல கோபம்.”

“அப்ப ரெண்டா வாங்கிப் போடு” என்றாள்.

இரண்டாக வாங்கிப் போட்டேன்.

பினாங்கில் எட்டுக் கீலும் நாலு மடிப்புக் கதவில் ஏறின. புளி போட்டுத் தேய்த்ததும் வெற்றிலைகள் பளபளவென்று சிரித்தன. சீன முதலாளி கதவை நாலு தடவை திறந்து மூடிப் பார்த்துவிட்டு, அடுத்த ஆர்டரை அங்கேயே நின்றுகொண்டு சொன்னார். நான் ஜெயித்துவிட்டேன். அண்ணன் வைத்த கெடு முடிய இன்னும் ஒரு வாரம் இருந்தது.

அன்று கடைக்கு வந்து அந்த நாலு நாற்காலிக்கும் தூசி தட்டினேன். தட்டத் தட்ட தேசம்மாவின் சிரிப்பு கேட்டது. கடலைத் தாண்டிப் போய், முன்பின் தெரியாத வீடுகளில் உட்கார்ந்து சாப்பிட்டு ஏழு கீலைக் கேட்டு வாங்கத் தெரிந்த எனக்கு, நாலு தெரு தள்ளி இருக்கும் வீட்டுக்குப் போகத் தெரியவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனேன். கடைக்குப் போகவில்லை, வீட்டுக்குப் போனேன். அண்ணன் சொன்னது பலித்துவிட்டது, வாசல் மட்டும்தான் வேறு. கதவைத் திறந்த அண்ணி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு இன்னொரு தட்டை எடுத்து வைத்தார். அண்ணன் வந்து எதிரே உட்கார்ந்தார். மீன் குழம்பில் தேங்காய்ப்பால் போட்டிருந்தது. இரண்டு பேரும் சாப்பிட்டு முடித்தோம்.

கையைக் கழுவிக்கொண்டு வந்து கேட்டேன். “அண்ணே, அந்த ஈட்டி நாற்காலி. என் கடையில இருந்து எது வேணும்னாலும் எடுத்துக்குங்க. உங்க நாலையும் என் நாலோட சேர்த்து வைக்கக் குடுங்க. இல்லேன்னா என் நாலை இங்க கொண்டு வந்துடறேன். எங்கே இருந்தாலும் சரி, எட்டும் ஒண்ணா இருக்கட்டும்.”

அண்ணன் துண்டால் வாயைத் துடைத்தார். துண்டை மடித்தார். மடித்ததை மறுபடியும் மடித்தார்.

“நாலும் மாடியிலதான் கிடக்கு” என்றார். “ஒண்ணுக்குக் கால் ஆடுது. பார்த்து இறக்கணும். இரு, நானும் ஒரு பக்கம் பிடிக்கிறேன்.”